படைப்புக் கொள்கையும் சமயப் பரப்பும்: பெய்ரூட் சிரியப் புராட்டஸ்தாந்து கல்லூரியில் 1882ஆம் ஆண்டு எழுந்த பிணக்கு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் புராட்டஸ்தாந்து மிஷனரிகள் பிற சமயத்தாரிடையே கிறித்தவத்தைப் பரப்புவதற்கு மேனாட்டு அறிவியலைத் துணையாகக் கொண்டனர். டார்வினின் பரிணாமக் கொள்கை பரவியபோது அத்துணையே அவர்களுக்குச் சிக்கலாயிற்று. பெய்ரூட் நகரில் இயங்கிய சிரியப் புராட்டஸ்தாந்து கல்லூரியில் 1882ஆம் ஆண்டு எட்வின் லூயிஸ் என்னும் பேராசிரியர் ஆற்றிய உரையும் அதனால் எழுந்த பிணக்கும் இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகின்றன. அப்பிணக்கின் பின்னணியையும் போக்கையும் விளைவையும் ஆராயும் இக்கட்டுரை, அதே அமெரிக்க வாரியம் யாழ்ப்பாணத்தில் மேற்கொண்ட கல்விப்பணியை ஒப்புநோக்கிற்குக் கொள்கிறது. படைப்பு, பரிணாமம் பற்றிய நிலைப்பாடு தாயகத்துச் சபையாரை முன்னிறுத்தி வகுக்கப்பட்டதால், பிறரை நம்பவைப்பதற்கு அடிப்படையான நன்மதிப்பு குறைந்தது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: படைப்பு, பரிணாமம், டார்வின், அமெரிக்க மிஷன், பெய்ரூட், வட்டுக்கோட்டை, அளவை, சமயப் பரப்பு.

முன்னுரை

உலகின் தோற்றம் பற்றிக் கிறித்தவர் கூறுவது கிறித்தவரல்லாதார் செவியில் எவ்வாறு விழும் என்னும் வினா டார்வினுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்திற்கு விளக்கவுரை எழுதிய அகுஸ்தீன் இதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். விண்மீன்களின் இயக்கம், கிரகணம், உயிரினங்களின் இயல்பு ஆகியவற்றை ஆராய்ந்தறிந்த ஒருவர், அவற்றைப் பற்றிக் கிறித்தவர் மறைநூலின் பெயரால் பிழைபடப் பேசக் கேட்பாராயின், உயிர்த்தெழுதலைப் பற்றி அம்மறைநூல் கூறுவதை எங்ஙனம் நம்புவார் என்பது அவருடைய கவலை. கண்ணால் காணத்தக்கவற்றில் பிழைபடும் சான்றாளரைக் காணவியலாதவற்றில் எவரும் நம்பார் என்பதே இதன் கருத்து.

இக்கவலை இறையியல் நூல்களில் நிலைத்திருந்தபோதிலும், ஒரு நிறுவனத்தின் வாழ்வில் அது எவ்வாறு செயற்பட்டது என்பதை வரலாற்றுச் சான்றுகொண்டு காணும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. பெய்ரூட் நிகழ்வு அத்தகையதொரு வாய்ப்பு. மார்வா எல்ஷக்ரி அரபுலகில் டார்வின் வாசிக்கப்பட்ட வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இந்நிகழ்வை அரபு அறிவுலகின் மறுமலர்ச்சிப் பின்னணியில் வைத்து விளக்குகிறது. இக்கட்டுரை அதே நிகழ்வைச் சமயப் பரப்பின் நோக்கிலிருந்து அணுகுகிறது.

அளவுகோலாக அமைந்த அறிவியல்: யாழ்ப்பாண முன்மாதிரி

பெய்ரூட் நிகழ்வைப் புரிந்துகொள்ள, அமெரிக்க மிஷனரிகள் அறிவியலை எவ்வகையில் பயன்படுத்தினர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க வாரியம் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலும், அடுத்த சில ஆண்டுகளில் சிரியாவிலும் பணியைத் தொடங்கியது. 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரியில் இறையியலுடன் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அதன் முதல்வர் டேனியல் பூர், 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பொதுமக்கள் முன் ஒரு தேர்வாகவே ஆக்கினார். பஞ்சாங்கக் கணிப்புக்கும் அவருடைய கணிப்புக்கும் வேறுபாடு இருந்தது. அவருடைய கணிப்பே பொருந்தியதாக எமர்சன் தெனன்ட் 1850ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கைக் கிறித்தவ வரலாற்று நூல் பதிவு செய்கிறது. இப்பதிவு மிஷனரிகளின் தரப்பிலிருந்து வந்தது என்பதை மறத்தலாகாது.

இம்முயற்சிக்குப் பின்னால் ஓர் எளிய தருக்கம் இருந்தது. புராணங்கள் கூறும் மேருவும் எழுகடலும் பொய்யெனக் காட்டப்பட்டால், அப்புராணங்கள் கூறும் கடவுளரும் ஐயத்திற்குரியவராவர் என மிஷனரிகள் கருதினர். சைவ சித்தாந்த அளவையியலின் சொற்களில் கூறுவதாயின், பிற சமயத்தாரின் உரையளவையைக் காட்சியளவையாலும் கருதலளவையாலும் மறுப்பதே அவர்தம் முறை. தம்முடைய உரையளவையாகிய விவிலியம் அவ்விரண்டிற்கும் முரணாகாது என்னும் உறுதி அவர்களுக்கு அக்காலத்தில் இருந்தது.

எதிர்பார்த்த பயன் விளையவில்லை. வானியல் கற்ற மாணவருட் பலர் வானியலை ஏற்றுச் சைவத்திலேயே நின்றனர். வட்டுக்கோட்டையில் பயின்று, 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக விளங்கித் தொல்காப்பிய உரைகளைப் பதிப்பித்தார். ஆறுமுக நாவலர் 1854ஆம் ஆண்டு வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், மிஷனரிகள் கோயில் வழிபாட்டிற்கு எதிராகக் கையாண்ட அளவுகோலை விவிலியத்தின் மீதே வைத்து அளந்தார். பிறரை அளக்க நீட்டிய கோல் தம்மையும் அளக்கும் என்பது டார்வினின் நூல் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே யாழ்ப்பாணத்தில் புலனாகியிருந்தது.

வாரியத்தின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன், உயர்கல்வியினும் தாய்மொழிவழி நற்செய்தி அறிவிப்பே முதன்மையானது எனக் கருதியவர். அவர் தலைமையில் வந்த குழுவின் முடிவுக்கிணங்க 1855ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. சிரியாவில் இயங்கிய மிஷனரிகளோ உயர்கல்வியைக் கைவிட விரும்பவில்லை. வாரியத்தின் நேரடி ஆளுகைக்குப் புறம்பாக, தனி அறங்காவலரைக் கொண்ட ஒரு கல்லூரியை நிறுவுவதே அவர்கள் கண்ட வழி.

கல்லூரியும் அதன் உறுதிமொழியும்

சிரியப் புராட்டஸ்தாந்து கல்லூரி 1866ஆம் ஆண்டு டிசம்பரில் 16 மாணவருடன் தொடங்கியது. அதன் முதல் தலைவர் டேனியல் பிளிஸ். அறங்காவலர் குழு நியூயார்க்கில் இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டப்பட்ட நன்கொடையே கல்லூரியின் பொருள்வளம். நியூயார்க்கின் பெருவணிகரான டாட்ஜ் குடும்பத்தார் அறங்காவலருள் செல்வாக்கு மிக்கவர்கள். அடுத்த ஆண்டு மருத்துவப் பிரிவும் தொடங்கப்பட்டது.

தொடக்கத்தில் பயிற்றுமொழி அரபு. இதற்குப் பெருந்துணை புரிந்தவர் கொர்னேலியஸ் வான் டைக். ஈலை ஸ்மித் தொடங்கி வைத்த அரபு விவிலிய மொழிபெயர்ப்பை 1864ஆம் ஆண்டு நிறைவு செய்தவர் அவரே. வேதியியல், வானியல் முதலிய துறைகளிலும் அவர் அரபு மொழியில் பாடநூல்கள் எழுதினார். மறைநூலையும் அறிவியலையும் ஒரே கையால் அரபுக்கு அளித்த அவரிடத்தில் அவ்விரண்டும் பிணக்கின்றி நின்றன.

பயில வந்தோர் யாவர் என்பதும் கருதத்தக்கது. மாணவருட் பெரும்பாலோர் கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த கிறித்தவர்கள். முஸ்லிம்களும் துரூசியரும் யூதரும் சிறுதொகையினர். கீழைக் கிறித்தவரையும் பெயரளவில் மட்டுமே கிறித்தவர் எனக் கொண்டு, அவர்களையும் மனந்திருப்ப வேண்டியவராகவே அமெரிக்க மிஷனரிகள் எண்ணினர். எனவே இந்நிகழ்வில் ‘நம்பாதார்’ என்னும் சொல்லின் எல்லை மிஷனரிகள் வரைந்த எல்லையேயாகும்.

1871ஆம் ஆண்டு கல்லூரியின் முதன்மைக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது பிளிஸ் ஆற்றிய உரை அந்நிறுவனத்தின் கொள்கை அறிக்கையாகவே கருதப்படுகிறது. நிறம், இனம், சமயம் பாராது எவரும் கல்லூரிக்குள் வரலாம். ஒரு கடவுளை நம்பியோ, பல கடவுளரை நம்பியோ, எக்கடவுளையும் நம்பாமலோ வெளியேறலாம். ஆனால் தாங்கள் உண்மையென நம்புவது யாது, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் யாது என்பவற்றை அறியாமல் ஒருவர் அங்கு நெடுங்காலம் இருத்தல் இயலாது என்பது அவ்வுரையின் சாரம். நம்பிக்கைக்குக் காரணம் காட்டுவோம் என்பதே கல்லூரி பிற சமயத்தாருக்கு அளித்த உறுதிமொழி. பதினோராண்டு கழித்து இவ்வுறுதிமொழி சோதனைக்குள்ளாயிற்று.

தாயகத்தில் எழுந்த பிளவு

1859ஆம் ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தபோது அமெரிக்கப் புராட்டஸ்தாந்தியர் ஒரு குரலில் பேசவில்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத் தாவரவியலாளரும் பக்தியுள்ள கிறித்தவருமான ஏசா கிரே, இயற்கைத் தேர்வை இறைவனின் திட்டத்துடன் இயைத்துக் காணலாம் என எழுதினார். அவருடைய கட்டுரைகள் 1876ஆம் ஆண்டு நூலாயின. பிரின்ஸ்டன் இறையியல் செமினரியின் சார்லஸ் ஹாட்ஜ், 1874ஆம் ஆண்டு டார்வினியம் யாது என்னும் வினாவையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதி, அது நாத்திகமே என விடை கூறினார். உலகில் நோக்கமும் வடிவமைப்பும் இல்லை என்னும் கூறே அவ்விடைக்குக் காரணமாயிற்று.

பூமியின் நெடிய வயது இத்தகைய கலக்கத்தை உண்டாக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. படைப்பின் ஆறு நாள்களை ஆறு ஊழிகளாகக் கொள்வதும், ஆதியாகமத்தின் முதல் வசனத்திற்கும் அடுத்து வருவதற்கும் இடையே நெடுங்கால இடைவெளி உண்டெனக் கொள்வதும் கற்றறிந்த கிறித்தவர் பலர்க்கு ஏற்புடையனவாகவே இருந்தன. மாந்தரின் தோற்றம் அவ்வாறன்று. ஆதாமின் வீழ்ச்சியும் கிறித்துவின் மீட்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதல் மனிதன் விலங்கினத்திலிருந்து தோன்றினான் எனில், வீழ்ச்சி யாது, மீட்பு எதிலிருந்து என்னும் வினாக்கள் எழும். மிஷனரிகள் உலகெங்கும் கொண்டுசென்ற நற்செய்தியின் நடுக்கூறே இங்குக் கேள்விக்குள்ளானதால், பரிணாமத்தை எதிர்த்தோரின் அச்சத்தை வெறும் அறியாமை என ஒதுக்குதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

பரிணாமத்தை ஏற்றோரும் நற்செய்தியின் பொருட்டே அவ்வாறு செய்தனர். 1868ஆம் ஆண்டு முதல் பிரின்ஸ்டன் கல்லூரியின் தலைவராயிருந்த ஜேம்ஸ் மக்காஷ், பரிணாமம் உண்மையாயின் கிறித்தவம் பொய் என மாணவருக்குப் போதிப்பது ஆபத்தானது என வலியுறுத்தினார். அம்மாணவர் பின்னர் பரிணாமத்திற்குரிய சான்றுகளைத் தாமே காணும்போது, ஆசிரியர் வகுத்த அதே தருக்கத்தால் சமயத்தைக் கைவிடுவர் என்பது அவர் கருத்து. அகுஸ்தீனின் கவலை இங்குப் புத்துருப் பெறுகிறது. ஒரு தரப்பார் பரிணாமத்தை ஏற்றால் நம்பிக்கை அழியும் என்றனர். மறு தரப்பார் அதை மறுத்தால் நம்பிக்கை அழியும் என்றனர். இருவரும் காக்க முனைந்தது ஒன்றே.

இப்பிளவு அமெரிக்காவில் ஆசிரியர்களின் பதவிகளையும் பாதித்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் வின்செல் 1878ஆம் ஆண்டும், தென்கரோலினாவின் கொலம்பியா செமினரியில் ஜேம்ஸ் உட்ரோ 1886ஆம் ஆண்டும் பதவியிழந்தனர். பெய்ரூட் நிகழ்வு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தது.

லூயிஸின் உரை

பெய்ரூட்டில் டார்வினின் பெயர் 1882க்கு முன்பே அறியப்பட்டிருந்தது. கல்லூரியில் பயின்று ஆசிரியராயிருந்த யாகூப் ஸர்ரூஃப், ஃபாரிஸ் நிம்ர் ஆகிய இருவரும் 1876ஆம் ஆண்டு ‘அல்-முக்ததஃப்’ என்னும் அறிவியல் இதழைத் தொடங்கினர். மாந்தரின் தோற்றம் பற்றிய விவாதம் அவ்விதழின் தொடக்க ஆண்டுகளிலேயே இடம்பெற்றது. வான் டைக்கின் மகனும் கல்லூரியில் பணியாற்றியவருமான வில்லியம் வான் டைக், பெய்ரூட் தெருநாய்களில் ஏற்பட்ட மாறுதல்கள் குறித்துக் கட்டுரை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினின் முன்குறிப்புடன் அக்கட்டுரை 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று லண்டன் விலங்கியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. மறுநாள் டார்வின் காலமானார். அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மூன்று மாதங்களுக்குப் பின், ஜூலை 19 அன்று, கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் வேதியியலும் நிலவியலும் கற்பித்த எட்வின் லூயிஸ் அரபு மொழியில் உரையாற்றினார். அறிவு, அறிவியல், ஞானம் ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடே அவ்வுரையின் பொருள். செய்திகளைத் திரட்டுதல் மட்டும் அறிவியலாகாது. அவற்றை ஆராய்ந்து பொதுவிதி காணலே அறிவியல் என்பதை விளக்க லயல், பாஸ்டர், டார்வின் ஆகியோரை அவர் எடுத்துக்காட்டினார். டார்வினின் பொறுமையும் ஆய்வுநெறியும் அவ்வுரையில் பாராட்டப்பட்டன. சமயத்தைத் தாக்கும் நோக்கம் அதில் இல்லை. அவ்வுரையை அல்-முக்ததஃப் வெளியிட்டது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. இறையியல் ஆசிரியரான ஜேம்ஸ் டெனிஸ் அதே இதழில் மறுப்பு எழுதினார். லூயிஸ் விடையிறுத்தார். கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் டார்வினுக்குச் சார்பாக எழுதினார். கிறித்தவ ஆசிரியர் இருவர் படைப்பைக் குறித்துத் தம்முள் மாறுபட்டதை, தாங்கள் மனந்திருப்ப விரும்பியவர்கள் அவர்களுடைய மொழியிலேயே வாசிக்கும் நிலை மிஷனரிகளுக்கு முதன்முறையாக நேர்ந்தது.

நியூயார்க் அறங்காவலரின் கண்ணுக்கு இது கல்லூரியின் நற்பெயருக்கு நேர்ந்த கேடு. மிஷன் கல்லூரி டார்வினியத்தைப் போதிக்கிறது என்னும் செய்தி நன்கொடையாளரை எட்டினால் வரும் விளைவை அவர்கள் அஞ்சினர். லூயிஸ் பதவி விலக நேர்ந்தது. அவ்விலகல் ஏற்கப்பட்ட செய்தி 1882ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்ரூட்டை அடைந்தது. கொர்னேலியஸ் வான் டைக்கும் அவர் மகனும் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி துறந்தனர். மருத்துவ மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அறுவை மருத்துவப் பேராசிரியர் ஜார்ஜ் போஸ்ட் நிருவாகத்தின் பக்கம் நின்றார். ஆசிரியர்கள் நற்செய்திக் கொள்கைகளுக்கு உடன்பட்டுக் கையொப்பமிட வேண்டிய அறிக்கை ஒன்று கொண்டுவரப்பட்டது.

மாணவர் போராட்டத்திற்குப் பரிணாமம் ஒன்றே காரணமன்று. உதுமானியப் பேரரசில் மருத்துவத் தொழில் செய்வதற்கான தேர்வும் உரிமமும் பற்றிய குறைகள் அவர்களுக்கு முன்பே இருந்தன. அரபியரான ஆசிரியர்கள் பதவியிலும் ஊதியத்திலும் அமெரிக்கருக்கு இணையாக நடத்தப்படாத குறையும் இருந்தது. பயிற்றுமொழி அரபிலிருந்து ஆங்கிலத்திற்கு மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. லூயிஸின் விலகல் இக்குறைகளனைத்தையும் ஓரிடத்தில் குவித்தது என்பதே பொருந்தும்.

இரண்டு அவைகள்

இந்நிகழ்வில் கல்லூரி ஒரே வேளையில் இரண்டு அவைகளை நோக்கிப் பேச வேண்டியிருந்தது. ஓர் அவை நியூயார்க்கில் இருந்தது. அங்கு எழுந்த வினா, கல்லூரி நம்பிக்கைக்கு உண்மையாய் உள்ளதா என்பது. மற்றோர் அவை பெய்ரூட்டில் இருந்தது. அங்கு எழுந்த வினா, கல்லூரி உண்மையை அஞ்சாமல் ஆராய்கிறதா என்பது. பிளிஸ் 1871ஆம் ஆண்டு பேசியது இரண்டாம் அவையை நோக்கி. 1882ஆம் ஆண்டு நிருவாகம் விடையளித்தது முதல் அவைக்கு.

கையொப்ப அறிக்கையின் பொருளை இப்பின்னணியில் காணலாம். ஓர் ஆசிரியர் தம் நம்பிக்கைக்குக் காரணம் கூறும்போது கேட்போர் அதனைச் சீர்தூக்கிப் பார்க்க இயலும். பதவியில் நீடிப்பதற்காகக் கையொப்பமிட்டவர் கூறும் காரணத்தை அவ்வாறு சீர்தூக்குதல் கடினம். அவர் உண்மையாகவே நம்பினாலும், கேட்போருக்கு அவர் கட்டுண்டவராகவே தோன்றுவார். காரணம் காட்டும் கல்லூரி என்னும் மதிப்பு இதனால் குறைந்தது. படைப்பைப் பற்றிய கோட்பாடு காக்கப்பட்டது. அக்கோட்பாட்டைப் பிறர் நம்புவதற்கு வேண்டிய சான்றாளரின் நன்மதிப்பு தளர்ந்தது.

மொழி இழப்பும் இதனுடன் சேர்ந்தது. வான் டைக்கின் வெளியேற்றத்தால் அரபு மொழியில் அறிவியல் பேசவல்ல மிஷனரியரில் தலைசிறந்தவரைக் கல்லூரி இழந்தது. ஸர்ரூஃபும் நிம்ரும் 1884ஆம் ஆண்டு பணியிழந்து, தம் இதழுடன் கெய்ரோ நகருக்குச் சென்றனர். மருத்துவப் படிப்பும் 1880களில் ஆங்கில வழிக்கு மாறியது. கல்லூரி பேசவேண்டிய மக்களின் மொழியில் அறிவியல் உரையாடல் தொடர்ந்தது. அதில் கல்லூரியின் பங்கு சுருங்கியது.

அறிவியல் ஏற்றோர் சென்ற வழிகள்

கல்லூரியின் வாயிலாக அறிவியலைப் பெற்றவர்கள் அதன்பின் ஒரே வழியில் செல்லவில்லை. மருத்துவப் பிரிவில் 1871ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஷிப்லி ஷுமைய்யில், ஜெர்மானியப் பொருள்முதல்வாதியான பூக்னர் டார்வினியம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளை 1884ஆம் ஆண்டு அரபில் வெளியிட்டார். மிஷனரி அறிவியலின் மூலம் கிறித்தவத்திற்கு வருவார் என எதிர்பார்க்கப்பட்ட தலைமுறையின் ஒருவர் அவ்வறிவியல் வழியே சமயம் கடந்த பொருள்முதல்வாதத்திற்குச் சென்றார். போராட்டத்தில் பங்கேற்ற மருத்துவ மாணவரான ஜுர்ஜி ஸைதான் கெய்ரோவுக்குப் பெயர்ந்து, 1892ஆம் ஆண்டு ‘அல்-ஹிலால்’ இதழை நிறுவி அரபு வரலாற்றெழுத்தில் புகழ்பெற்றார்.

முஸ்லிம் அறிஞரின் எதிர்வினை இன்னும் நுணுக்கமானது. திரிப்போலி நகர அறிஞர் ஹுசைன் அல்-ஜிஸ்ர் 1888ஆம் ஆண்டு சுல்தான் அப்துல் ஹமீதின் பெயரால் ஒரு நூல் இயற்றினார். பரிணாமம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை என்றும், நிறுவப்படுமாயின் திருக்குர்ஆன் வசனங்களை அதற்கேற்ப விளக்கிக்கொள்ள இடமுண்டு என்றும் அவர் எழுதினார். இறைவனே படைப்பாளன் என்னும் அடிப்படையை விடாமல், படைத்த முறையைச் சான்றுக்கு விடும் இந்நிலைப்பாடு, பொதுநோக்கில் ஏசா கிரேயின் நிலைப்பாட்டுக்கு அணுக்கமானது. பெய்ரூட் கல்லூரி தன் பேராசிரியருக்கு மறுத்த இடத்தை ஒரு முஸ்லிம் அறிஞர் தம் சமயத்திற்கு எடுத்துக்கொண்டார்.

இதற்கு மாறான குரலும் உண்டு. ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி ஐதராபாத்தில் தங்கியிருந்தபோது பாரசீக மொழியில் எழுதிய பொருள்முதல்வாத மறுப்பு நூல் டார்வினைக் கடுமையாகச் சாடியது. அதனை முகம்மது அப்துஹு அரபில் பெயர்க்க, 1886ஆம் ஆண்டு பெய்ரூட்டிலேயே அது வெளிவந்தது. ஆக, பரிணாமத்தை ஏற்போரும் மறுப்போரும் அச்சமயத்திலும் இருந்தனர். பரிணாமத்தைப் புறந்தள்ளிய கிறித்தவர் அதனால் முஸ்லிம்களிடையே தனிமைப்பட்டனர் என்று கூற இயலாது.

மதிப்பீடு

இச்சான்றுகளிலிருந்து மிகையான முடிபுக்கு வருதல் எளிது. லூயிஸைக் கல்லூரி காத்திருந்தால் பலர் கிறித்தவத்தைத் தழுவியிருப்பர் என்று கூற ஆதாரமில்லை. டார்வின் பேசப்படாத 1829இல் கிரகணக் கணிப்பு சரியாக அமைந்தும் யாழ்ப்பாணத்தார் திரளாகச் சமயம் மாறவில்லை. அறிவியலில் சரியாயிருத்தல் சமயத்தில் நம்பப்படுவதற்குப் போதுமானதன்று. அறிவியலில் பிழைபடுதலும் சான்றுகளை மறைத்தலும் நம்பப்படாமைக்குப் போதுமான காரணங்களாகலாம். அகுஸ்தீனின் எச்சரிக்கை இவ்வளவையே கூறியது. அவர் வானியலால் மக்களை மனந்திருப்பச் சொல்லவில்லை. வானியலில் பிழைபட்டு அவர்களை விரட்டாதிருக்கவே சொன்னார்.

மிஷனரிகளின் முதற்பிழை 1882க்கு முற்பட்டது. மறைநூலின் உண்மையை அறிவியலின் வெற்றியோடு பிணைத்தபோதே, அறிவியல் திரும்பும் திசையெல்லாம் மறைநூலும் திரும்பவேண்டும் என்னும் கட்டாயத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். கிரகணத்தைக் காட்டிப் புராணத்தை மறுத்தவர், புதைபடிவத்தைக் காட்டி ஆதியாகமத்தை மறுப்பவரிடம் அவ்வளவுகோல் இங்குச் செல்லாது எனக் கூற இயலவில்லை. பெய்ரூட் மாணவர் கேட்டதும் இதுவே: எங்களுக்குக் கற்பித்த நெறி உங்களுக்கும் பொருந்துமா? அவ்வினாவிற்குக் கல்லூரி தருக்கத்தால் விடையளிக்காமல் நிருவாக ஆணையால் விடையளித்தது.

இரு தரப்பாரிடத்தும் உண்மை இருந்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். டெனிஸும் போஸ்டும் ஆதாமின் வீழ்ச்சியைக் கைவிட்டபின் அறிவிப்பதற்கு நற்செய்தி என எஞ்சுவது யாது எனக் கருதினர். வான் டைக்கும் லூயிஸும் நேர்மையைக் கைவிட்டபின் அந்நற்செய்தியைக் கேட்பார் யார் எனக் கருதினர். இவ்விரு வினாக்களும் எதிரெதிர் நின்று பேசியிருப்பின், அவ்விவாதமே பெய்ரூட் மாணவருக்குக் கிறித்தவத்தின் காரண விளக்கமாக அமைந்திருக்கக்கூடும். அல்-முக்ததஃப் இதழில் அவ்விவாதம் தொடங்கியும் இருந்தது. அது முற்றுப்பெறுமுன் ஒரு தரப்பு மேடையிலிருந்து இறக்கப்பட்டது.

முடிவுரை

பிளிஸின் மகன் ஹோவர்டு பிளிஸ் 1902ஆம் ஆண்டு கல்லூரியின் தலைமையை ஏற்றார். 1920ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையொன்றில், பிற சமயங்களின் நன்மைகளை மதித்து அவற்றோடு உரையாடுபவரே தற்கால மிஷனரி என்னும் கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டு கல்லூரி பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. அப்பெயரில் புராட்டஸ்தாந்து என்னும் சொல் இல்லை. மனந்திருப்பும் நோக்கில் பிறந்த நிறுவனம் அந்நோக்கம் பின்னிற்கும் பல்கலைக்கழகமாக மாறியதில் 1882ஆம் ஆண்டு நிகழ்வுக்கும் ஒரு பங்குண்டு.

வட்டுக்கோட்டையும் பெய்ரூட்டும் ஒரே வாரியத்தின் கனவில் முளைத்தவை. முன்னதில் கல்வியின் பயன் மனமாற்றத்தை எட்டவில்லை எனக் கருதிக் கல்விக்கூடம் மூடப்பட்டது. பின்னதில் கல்விக்கூடம் நிலைத்தது. கல்வி கேட்ட வினா மூடப்பட்டது. இரண்டிடத்தும் மாணவர் அறிவியலைத் தமதாக்கிக்கொண்டு தத்தம் வழியே சென்றனர். படைப்பு, பரிணாமம் பற்றிக் கிறித்தவர் எந்நிலைப்பாட்டைக் கொண்டனர் என்பதோடு, அந்நிலைப்பாட்டை எவர் முன்னிலையில், எவ்வகை உரிமையோடு விவாதிக்க இடமளித்தனர் என்பதும் பிற சமயத்தாரின் செவிகளைத் திறக்கவோ அடைக்கவோ செய்தது என்பதே இவ்வரலாறு தரும் செய்தியாகும். தமிழகத்திலும் ஈழத்திலும் இயங்கிய மிஷன் கல்லூரிகளின் பாடத்திட்டங்களையும் இதழ்களையும் இந்நோக்கில் ஆராய்தல் இனிமேற்கொள்ளத்தக்க பணியாகும்.